முன்பின் தெரியாதவரின் பின்சக்கரம்

மலையக வீதிகளில் சைக்கிள் ஓடுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் இம்முறை பாதிக்குமேல் ஒரே விடயம்தான்: முன்னே போகும் அந்நியரின் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு ஓடலாமா?

கிரகரி வாவிப் பக்கம் வேகமாகப் போகும் யாராவது ஒருவரின் பின்னால் சேர்ந்துகொள்வேன். சொல்லிவிட்டுத்தான் சேர வேண்டுமா? அவருக்கு என்ன நட்டம்? (நுவரெலியா)

காற்றைப் பொறுத்தவரை நட்டம் இல்லை. நீங்கள் நெருங்கி வருவது அவருக்கும் மிகச் சிறு அளவில் உதவிதான். கெடுவது அவருடைய நிம்மதி. பின்னால் ஆள் இருப்பது தெரியாதவர் குழியைக் கண்டதும் சட்டென்று விலகுவார், மூக்கைச் சிந்துவார், எழுந்து நின்று மிதிப்பார். எழும் கணத்தில் அவருடைய சைக்கிள் உங்களை நோக்கி ஒரு சாண் பின்வாங்கும். அந்த ஒரு சாண் போதும். சக்கரங்கள் உரசினால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான், ஏனென்றால் திரும்பிவிடுவது அவருடைய முன்சக்கரம்.

ஆகவே வாகனம் இல்லாத இடமாகப் பார்த்து வலப்பக்கம் வந்து முகம் காட்டுங்கள். “அண்ணன், கொஞ்சத் தூரம் பின்னால் வரட்டுமா?” சிங்களம் பேசுபவரானால், “அய்யே, புளுவந்த?” என்று அவருடைய பின்சக்கரத்தைக் கண்ணால் காட்டினாலே விளங்கிவிடும். தலையாட்டினால் சேருங்கள். இல்லாவிட்டால் முந்திப் போங்கள், அல்லது 20 மீற்றர் பின்தங்குங்கள்.

சம்மதித்தவரிடமும் முதலில் ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். எப்படிப் பிரேக் பிடிக்கிறார், நேர்கோட்டில் ஓடுகிறாரா என்று இரண்டு கிலோமீற்றராவது பார்க்க வேண்டும். பழகிய நண்பர்களோடு அரை மீற்றரில் ஓடுவீர்கள். அதை இங்கே முயல வேண்டாம். அவருடைய டயரையே முறைத்துக்கொண்டிருக்காமல், தோளுக்கு மேலாக வீதியைப் பாருங்கள். முறை வரும்போது நீங்களும் முன்னால் போக வேண்டும். முடியாதென்றால் ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம், யாரும் கோபிப்பதில்லை. முழுத் தூரமும் மறைவில் வந்துவிட்டுக் கடைசி மேட்டில் அவரைத் தாண்டிப் பாய்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

றம்பொடை ஏற்றத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரின் பின்னாலேயே ஏறினேன். ஒரு சுகமும் தெரியவில்லையே? (கம்பளை)

தெரியாதுதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். சமதரையில் மணிக்கு 30 கிலோமீற்றர் ஓடும்போது உழைப்பில் பெரும்பகுதி காற்றோடுதான் போகிறது. ஒருவரை நெருங்கி ஓடினால் ஏறத்தாழக் கால்வாசி உழைப்பு மிச்சம். 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது எதிரி காற்றல்ல, உங்கள் எடை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர். அந்த உயரத்தை யாருடைய முதுகும் குறைத்துத் தராது. ஏற்றத்தில் கிடைப்பது மனத்துணை மட்டும். அதை மூன்று மீற்றர் தள்ளி நின்றும் பெறலாம்.

மறைவு உண்மையில் உதவுவது அம்பேவெல போன்ற இடங்களில், காற்றாலை சுழலும் அந்த வெட்டவெளியில். ஆனால் பக்கக்காற்று அடித்தால் மறைவு நேர் பின்னால் இருக்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அதைத் தேடிப் போனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும். அவர் அரை அடி விலகினால் கதை முடிந்தது. தெரியாதவரோடு வேண்டவே வேண்டாம்.

இறக்கத்தில்? (நானுஓயா)

கூடாது. 45 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 12.5 மீற்றர். வளைவுக்கு அப்பால் பனிமூட்டமா, கொழுந்து லொறியா என்பது முன்னால் போகிறவருக்கே தெரியாது. மழை பெய்தால் இன்னும் மோசம்: அவருடையது டிஸ்க் பிரேக், உங்களுடையது சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் கட்டை என்றால், அவர் நின்றுவிடுவார், நீங்கள் நிற்கமாட்டீர்கள். ரதெல்ல குறுக்கு வீதியில் நான் மூன்று லொறி நீளம் விட்டுத்தான் இறங்குகிறேன். பயந்தாங்கொள்ளி என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

தனியாக ஓடும் பெண் நான். தியத்தலாவையிலிருந்து ஒருவர் பேசாமல் என் பின்னாலேயே வந்தார். காற்றுக்காகத்தான் வந்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? (பண்டாரவளை)

அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல, தங்கச்சி. வேகத்தை மெதுவாகக் குறையுங்கள். காற்றுக்காக வந்தவர் தாண்டிப் போய்விடுவார். போகாவிட்டால் ஆட்கள் நிற்கும் ஒரு கடை முன்பாக ஓரங்கட்டி, தொலைபேசியைக் கையில் எடுங்கள். திடீர் பிரேக் பிடித்துப் பாடம் புகட்ட மட்டும் நினைக்காதீர்கள். அவர் உங்கள் மேல்தான் வந்து விழுவார்.

ஆண்களுக்கு: கேட்காமல் ஒரு பெண்ணின் பின்னால் ஒட்டவே ஒட்டாதீர்கள். கேட்டால் மறுத்துவிடுவாரே என்கிறீர்களா? அப்படியானால் விடை உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

பஸ்ஸின் பின்னால் போனால் இன்னும் சுகமாமே? (ஹட்டன்)

எங்கள் பக்கத்தில் கை காட்டிய இடமெல்லாம் தரிப்பிடம். பஸ் எங்கே நிற்கும் என்று சில வேளை சாரதிக்கே தெரியாது. ஒட்டிப் போகும் உங்களை அவருடைய கண்ணாடி காட்டாது. புகையையும் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும். விட்டுவிடுங்கள், அது போகட்டும்.