சார்ஜர் பிளக் சுடுகிறது: ஆபத்து பேட்டரியிலா, சாக்கெட்டிலா?

கேள்வி: மின்சார கார் வாங்கி ஓராண்டு ஆகிறது. வீட்டு 15 ஆம்பியர் பாயிண்ட்டில் இரவில் சார்ஜ் போடுகிறேன். சில நாட்களாக பிளக்கில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது. காருக்குள் ஃபேன் ஓடும் சத்தமும் கேட்கிறது. பேட்டரி தீப்பிடித்துவிடுமா?

பதில்: அந்த பாயிண்ட்டில் இனி சார்ஜ் போடாதீர்கள். ஃபேன் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். கார் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் ஆபத்து சுவரில் இருக்கிறது.

காரில் சார்ஜிங்கை நிறுத்தி, எம்.சி.பி.யையும் (ஆம்பியர் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி, ஆறிய பிறகு பிளக்கை உருவிப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதற்கு நேரான சாக்கெட் துளையின் ஓரம் இளகியிருந்தால், உள்ளே காண்டாக்ட் தளர்ந்துவிட்டது. தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 15 ஆம்பியர் ஓடும்போது 45 வாட் வெப்பம் பிறக்கும். சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! கீசர் என்றால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் இழுக்கும். ஆம்பியர் கூடாததால் எம்.சி.பி.யும் விழாது.

மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள்: 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), சோதித்துப் பார்த்த எர்த், 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். கருகிய பின்னைப் புது சாக்கெட்டில் சொருகினால் அதுவும் கெடும். பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

பேட்டரிக்கு வருவோம். செல்லுக்குள் இரு முனைகளையும் பிரிக்கும் பாலிஎத்திலீன் படலம் உருகவே சுமார் 130 டிகிரி வேண்டும். நம் ஊர் வெயில் மட்டும் அதைச் செய்யாது. செல்லுக்குள் ஷார்ட் ஆவதுதான் வினை. செவர்லே போல்ட் கார்களை 2021-ல் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம், ஒரே செல்லில் ஆனோடு டேப் (எதிர்முனையின் இணைப்புத் தகடு) கிழிந்து, படலமும் மடிந்திருந்தது என்பதே. அடித்தட்டில் பலத்த அடி பட்டாலோ வெள்ளநீர் புகுந்தாலோ இதே கதிதான். எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) செல்கள் கூடுதலாகத் தாங்கும். தீயே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடியிலிருந்து 'உஸ்' சத்தம், வெடிப்பொலி, வெண்புகை வந்தால் எல்லோரும் உடனே இறங்கி, புகை உங்கள் மேல் வராதபடி, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி நின்று 112-ஐ அழையுங்கள். மின்சார கார் என்று மறக்காமல் சொல்லுங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், சுவாசிக்கக் கூடாது. பேட்டரி மூடிய பெட்டி என்பதால் வீட்டுத் தீயணைப்பான் செல்களை எட்டாது. அணைந்த பேட்டரி சில நாள் கழித்தும் மறுபடி பற்றும். எனவே எரிந்த காரோ வெள்ளத்தில் நின்ற காரோ, போர்டிகோவில் விடாதீர்கள். வீட்டிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள்.