குளிரில் வெளியே ஓடினால் நெஞ்சு இறுகுகிறது. ஓடுவதை விட்டுவிட வேண்டுமா?

வீட்டுக்குள் டிரெட்மில்லில் ஓடும்போது ஒன்றும் ஆவதில்லை, குளிர்காலக் காலையில் வெளியே ஓடினால் மட்டும் நெஞ்சு இறுகி, இருமல் வந்து, மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் விட வேண்டியதில்லை. எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா உண்டு, குளிர் மாதங்களிலும் வெளியேதான் ஓடுகிறேன். ஆனால் ஓட்டத்தைத் தொடங்கும் விதத்தையும் முடிக்கும் விதத்தையும் அந்த மாதங்களுக்கென்று மாற்றிக்கொள்கிறேன்.

பலரும் குளிரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் அதிகத் தொல்லை தருவது வறட்சி. குளிர்ந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்துக்குப் போவதற்குள் உடம்பு அதை 37 டிகிரிக்குச் சூடாக்கி, முழுக்க ஈரமாக்கியாக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றுதான் உள்ளே போகிறது, மூக்கு அதைத் தாராளமாகச் சமாளிக்கும். வேகமாக ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டலாம். அப்போது வாயாலும் மூச்சு விடுவோம், ஈரமாக்கும் வேலை மூச்சுக்குழாய்களின் தலையில் விழும். அவற்றின் உட்பூச்சு காய்ந்து, அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை வெளியிட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. இதற்கு ஆஸ்துமா இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. வேறு எந்த நோயும் இல்லாத விளையாட்டு வீரர்களுக்கும் வருகிறது. நுரையீரல் உறைந்துபோகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படி எதுவும் ஆகாது. காற்று அங்கே போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடும்.

எப்போது இறுகுகிறது என்பதைக் கவனியுங்கள். மூச்சுக்குழாய் சுருங்குவதாக இருந்தால், பெரும்பாலும் ஓடி முடித்து 5 முதல் 15 நிமிடத்துக்குள்தான் தொல்லை உச்சத்துக்குப் போகும். மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் கேட்கலாம், இருமல் வரும், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாகத் தணியும். அப்படியில்லாமல், ஓட்டத்தின் உச்சத்திலேயே தொண்டை அடைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்து, நின்றதும் சில நிமிடங்களில் சரியாகிறது என்றால் கோளாறு குரல்வளையில் இருக்கலாம். அதற்கு இன்ஹேலர் பயன்படாது, மூச்சுப் பயிற்சிதான் தேவை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து வருடக்கணக்கில் இன்ஹேலர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மருத்துவரிடம் போகும்போது ‘மூச்சு வாங்குகிறது’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனையாவது நிமிடத்தில், உள்ளே இழுக்கும்போதா வெளியே விடும்போதா என்று சொல்லுங்கள். ஓய்வில் ஊதும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனை) சரியாக வந்தாலும் அதோடு விட வேண்டாம். ஓடவிட்டுப் பிறகு ஊதச் சொல்லும் சோதனையும் உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதில் தாமதம் கூடாது. நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, தலைசுற்றல் என்றால் அது இதயமாக இருக்கலாம். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடுகிறது. உடனே நிறுத்தி அவசர உதவியை அழையுங்கள்.

சரி, நான் செய்வது. எனக்கு அதிகம் பலன் தந்தது வார்ம் அப்தான். பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடை, அப்புறம் அரை நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நிதானம் என்று சில சுற்றுகள். இப்படி விட்டுவிட்டு வேகம் கொடுத்தால் பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் அவ்வளவு எளிதில் இறுகாது. எல்லாருக்கும் இது பலிக்காது. வார்ம் அப்பிலேயே நெஞ்சு இறுகினால் அன்றைக்கு வெளியே போக வேண்டாம். ஓடி முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல், மெல்ல ஓட்டம், அப்புறம் நடை என்று குறைத்துக்கொண்டே வருவேன்.

அடுத்தது வாயையும் மூக்கையும் மூடும் மெல்லிய துணி. நாம் விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் அது பிடித்து வைத்து அடுத்த மூச்சுக்குக் கொடுக்கிறது. நனைந்து கனத்துவிட்டால் மூச்சிழுக்கச் சிரமமாகும், அதனால் மாற்றுத்துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஓடுவதற்கு 10, 15 நிமிடம் முன்னால், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் இன்ஹேலர் எடுப்பது வழக்கமான முறை. ஆனால் தினமும் அதை மட்டுமே நம்பினால் நாளடைவில் அதன் பாதுகாப்பு குறைந்துவிடும். அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் இருக்கலாம், அதைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டியிருக்கலாம். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். உறிஞ்சும் மருந்தின் அளவு மிகக் குறைவு, எடுத்ததும் வாய் கொப்பளித்தால் போதும்.

சளி, காய்ச்சல் வந்து போன பிறகு சில வாரங்களுக்கு மூச்சுக்குழாய் எதற்கும் சட்டென்று சுருங்கும். அந்த வாரங்களிலும், புகை தரையோடு தேங்கி நிற்கும் காலைகளிலும் உள்ளேயே ஓடுங்கள். கடுங்குளிர் நாளிலும் அப்படித்தான். நெடுந்தூர ஸ்கீ போட்டிகளையே சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் விதிப்படி மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்திவைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே நான் வீட்டுக்குள் வந்துவிடுவேன்.

இன்ஹேலரை வெளிப்பையில் வைக்காதீர்கள். புட்டி குளிர்ந்துபோனால் மருந்து சரியான அளவில் வராது, உடம்புச் சூடு படும்படி உள்சட்டைப் பையில் வையுங்கள்.