காசு கொடுக்க வந்தவரை ஏன் வாசல்லயே நிறுத்தறாங்க?

கேள்வி: வெளிநாட்டு ஆல்பம் ஒண்ணை டவுன்லோடா வாங்கலாம்னு போனேன், கார்டு நம்பர் வரைக்கும் வாங்கிக்கிட்டு கடைசில "உங்கள் நாட்டில் கிடைக்காது"ன்னு வருது. இது சட்டமா, கடைக்காரங்க இஷ்டமா? காப்பிரைட்டை காப்பாத்த வேற வழியே இல்லன்னு என் ஃப்ரெண்ட் சொல்றார். விபிஎன் (வேற நாட்டுலேர்ந்து வர்ற மாதிரி காட்டற சாஃப்ட்வேர்) போட்டு வாங்கினா அது திருட்டா?

பதில்: முதல்ல உங்க ஃப்ரெண்டுக்கு சொல்றேன். காப்பிரைட் சட்டம் உரிமையை உரிமையாளர் கையில கொடுக்குது, அவ்வளவுதான். அதை உலகம் முழுக்க ஒரே லைசன்ஸா கொடுக்கறதா, நாடு நாடா வெட்டி விக்கறதாங்கறது அந்த உரிமையாளர் எடுக்கற வியாபார முடிவு, அதை மொத்தமா சட்டத்தோட தலையில கட்டாதீங்க.

ஏன் வெட்டி விக்கறாங்கன்னா, ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு. மெட்டும் வரியும் ஒண்ணு, ஸ்டூடியோல பதிவான ஒலி இன்னொண்ணு. ஒலிப்பதிவு பெரும்பாலும் ரெக்கார்ட் கம்பெனிகிட்ட இருக்கும், அவங்க ஒரு நாட்டுக்கு ஒருத்தர், இன்னொரு நாட்டுக்கு வேற ஒருத்தர்னு கைமாத்தி விட்டிருப்பாங்க. மெட்டுக்கும் வரிக்கும் ராயல்டி வசூல் பண்ற சங்கங்கள் தனி, பிரிட்டன்ல பிஆர்எஸ், ஜெர்மனில கெமா, ஜப்பான்ல ஜாஸ்ராக்னு ஆளுக்கு ஒரு எல்லை. ரெண்டும் சேர்ந்து கையில இருந்தாதான் கடை அந்த நாட்டுல விக்க முடியும், ஒண்ணு குறைஞ்சாலும் உங்களுக்கு அந்த மெசேஜ்தான். இது நிஜமான சிக்கல், நான் மறுக்கல. ஆனா இந்த சிக்கலை தீர்க்க வேண்டியது விக்கறவங்க, வாங்க வந்தவர் இல்ல.

இதே ஆல்பத்தோட சிடியை வெளிநாட்டு கடைல ஆர்டர் போட்டா பெரும்பாலும் தபால்ல வீட்டுக்கு வந்துடும். டிவிடில உலகத்தை மண்டலம் மண்டலமா பிரிச்சு பூட்டு போட்டாங்க, சிடில அப்படி ஒரு பூட்டே கிடையாது, எந்த நாட்டு பிளேயர்லயும் ஓடும். அதே பாடகர், அதே கம்பெனி, அதே பதிவு. பிளாஸ்டிக் தட்டுல வந்தா சரி, ஃபைலா வந்தா தப்புன்னா இங்க காப்பாத்தப்படறது யாரு? பாடகரா? அவருக்கு வர வேண்டிய பங்கு வராம போனதுதான் மிச்சம்.

ஆப்பிளோட ஆன்லைன் பாட்டுக்கடை ஐடியூன்ஸ் கதையை பாருங்க. 2003 ஏப்ரல்ல அமெரிக்காவுல மட்டும் திறந்தாங்க, 2004 ஜூன்ல பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அதுவும் நாட்டுக்கு ஒரு தனி கடையா. உங்க கார்டை எந்த நாட்டு பேங்க் கொடுத்ததோ அந்த நாட்டு கடைதான் உங்களுக்கு. பிரிட்டன்ல ஒரு பாட்டு 79 பென்ஸ், பக்கத்து யூரோ நாடுகள்ல 99 சென்ட், அன்னைக்கு ரேட்டுக்கு பிரிட்டன்காரங்கதான் கூடுதலா கொடுத்தாங்க, ஆனா பக்கத்து நாட்டு கடைல போய் வாங்கவும் முடியாது. 2007ல இதுக்காக ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பு) ஆப்பிளுக்கும் பெரிய ரெக்கார்ட் கம்பெனிகளுக்கும் நோட்டீஸ் விட்டுது. 2008 ஜனவரில ஆப்பிள் விலையை குறைக்க ஒத்துக்கிட்டுது, சுவர் மட்டும் அப்படியே நின்னுது. ஆணையம் விசாரிச்சு சொன்னது என்னன்னா, கடையை இப்படி பிரிச்சது ரெக்கார்ட் கம்பெனிகளோட போட்ட ஒப்பந்தம் இல்ல, நாட்டுக்கு நாடு காப்பிரைட் சட்டம் வேறயா இருக்கறதால ஆப்பிளே தேர்ந்தெடுத்த அமைப்புன்னு. அதனால சட்டமா இஷ்டமான்னு நீங்க கேட்டதுக்கு ரெண்டும் கலந்த பதில்தான் இருக்கு, யாரை கேட்டாலும் அடுத்தவரை கை காட்ட வசதியா இருக்கு.

சரி, அதுக்கப்புறமாவது மாறினாங்களான்னா, 2018 டிசம்பர் 3ல ஐரோப்பிய யூனியன்ல ஜியோ பிளாக்கிங்குக்கு, அதாவது நாடு பார்த்து தடுக்கறதுக்கு எதிரா ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துது. ஷூ வாங்கலாம், ஃப்ரிட்ஜ் வாங்கலாம், நீ எந்த நாடுன்னு கேட்டு விக்க மறுக்கக்கூடாது. ஆனா பாட்டு டவுன்லோடுக்கு விலக்கு! பக்கத்து நாட்டு கடையோட வெப்சைட்டை பாக்க விடணும், ஆனா விக்கணும்னு கட்டாயம் இல்ல. எனக்கு இதை படிக்கும்போது வந்த கோபம் இன்னும் போகல.

வேற வழியே இல்லன்னு சொல்றவங்க பேண்ட்கேம்ப்ங்கற ஆன்லைன் பாட்டுக்கடையை பாக்கட்டும். 2008லேர்ந்து கலைஞர்கள் அங்க நேரடியா, எல்லை இல்லாம வித்துக்கிட்டு இருக்காங்க, ஏன்னா உரிமை அவங்க கையிலயே இருக்கு.

விபிஎன் விஷயத்துக்கு வரேன். முழு விலை கொடுத்து வாங்கறதை நான் திருட்டுன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவுல 2013ல நாடாளுமன்ற குழு ஒண்ணு, இப்படி நாடு பார்த்து போடற தடையை தாண்டறதுக்கு வாங்கறவருக்கு உரிமை இருக்கணும், சட்டத்தை அதுக்கேத்த மாதிரி தெளிவாக்கணும்னே பரிந்துரை பண்ணுச்சு. ஆனா கடையோட விதியை மீறினதா அவங்க எடுத்துக்குவாங்க, அக்கவுன்ட்டை மூடினா இதுவரைக்கும் வாங்கினதும் சேர்ந்து போகலாம். அதோட உங்க கார்டு எந்த நாட்டுதுன்னு அதோட முதல் சில இலக்கமே சொல்லிடும், விபிஎன் அதை மறைக்காது. வருஷக்கணக்கா பாட்டு சேர்த்த அக்கவுன்ட்ல இந்த விளையாட்டு வேண்டாம்.

அந்த கலைஞர் வேற எங்கயாவது நேரடியா விக்கறாரான்னு தேடுங்க, இல்லன்னா சிடிக்கு ஆர்டர் போடுங்க. கூடவே ரெக்கார்ட் கம்பெனிக்கு ஒரு மெயில், ஆல்பம் பேரு, உங்க நாடு, வாங்க முயற்சி பண்ணின தேதி எல்லாம் போட்டு, கலைஞருக்கும் ஒரு காப்பி. தன் பாட்டு எந்தெந்த நாட்டுல விலைக்கு இல்லன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம்.