நகை, சினிமா, தசமபாகம்: உலகம் எது? கேள்வி பதில்

கேள்வி: தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்கிறது யோவான் 3:16. உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்கிறது 1 யோவான் 2:15. எதைப் பிடிப்பது ஐயா?

பதில்: இரண்டிலும் கிரேக்கச் சொல் ஒன்றுதான், கொஸ்மொஸ். முதலாவதில் அது மனிதர்கள். இரண்டாவதில் எதுவென்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. எப்போதும் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்.

கேள்வி: ஞானஸ்நானத்துக்கு முன் நகையைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றணுமா?

பதில்: சகோதரி, பொன்னாபரணமும் உயர்ந்த வஸ்திரமுமாகிய புறம்பான அலங்கரிப்பு வேண்டாம் என்கிற 1 பேதுரு 3:3-ஐக் காட்டியிருப்பார்கள். அங்கே அலங்கரிப்பு என்பதும் அதே கொஸ்மொஸ்தான். தமிழில் ‘உயர்ந்த வஸ்திரங்கள்’. மூலத்தில் ‘உயர்ந்த’ கிடையாது, வெறும் வஸ்திரம். பொன்னுக்குத் தடை என்றால் உடுப்புக்கும் தடை என்றாகிவிடும். அழகை அதில் தேடாதீர்கள் என்பதே பேதுருவின் பேச்சு. 1 தீமோத்தேயு 2:9 பொன்னோடு விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும் சேர்த்தே சொல்கிறது. மூக்குத்தியைக் கழற்றிவிட்டு முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டில் ஆராதனைக்கு வருகிறவர் பாதி வசனத்தை விட்டுவிட்டார். உங்கள் மனசாட்சி கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். கழற்றாதவரை அற்பமாக எண்ணாதீர்கள்.

மறுப்பு: ஓரேப் மலையருகே இஸ்ரவேலர் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டார்களே! யாத்திராகமம் 33:6.

பதில்: அடுத்ததை வாசியுங்கள் என்றேனே தம்பி. 32-ஆம் அதிகாரத்தில் காதணிகள் விக்கிரகக் கன்றுக்குட்டியாயின. 33-இல் துக்கத்தோடு கழற்றினார்கள். 35:22-இல் அதே ஜனங்கள் காதணி, மோதிரம் எல்லாம் கொண்டுவந்து தேவனை ஆராதிக்கும் ஆசரிப்புக்கூடாரத்துக்குக் கொடுத்தார்கள். பொன் ஒன்றுதான், போன இடம்தான் வேறு. ஆண்டவர் ஆபரணங்களை உரிந்துபோடுவார் என்கிற ஏசாயா 3:18-ஐயும் கொண்டுவருவீர்கள். நான்கு வசனம் முன்னால், ‘சிறுமையானவனிடத்தில் கொள்ளையிட்ட பொருள்’ உங்கள் வீடுகளில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் அதே நியாயத்தீர்ப்பில் இருக்கிறது. கழற்றிய நகை லாக்கரில் கிடக்க, வேலைக்கார அம்மாவுக்குச் சம்பளம் பாக்கி என்றால் அதுதான் உலகம்.

கேள்வி: கம்மல் மட்டும் போடலாமா?

பதில்: மேலே வாசியுங்கள்.

கேள்வி: சினிமா பார்க்கலாமா?

பதில்: 1 கொரிந்தியர் 6:12: ‘ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்’. ஞாயிறு முதல் ஞாயிறு வரை செல்போனிலும் படம் பார்க்காமல் இருந்து பாருங்கள். முடியவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா?

பதில்: வேதத்தில் அந்தக் கணக்கு இல்லை. உபாகமம் 14:22-29-இன்படி தசமபாகத்தைக் குடும்பமாகக் கர்த்தர் சந்நிதியில் புசித்தார்கள். மூன்றாம் வருஷத்தது ஆசரிப்பு ஊழியம் செய்த லேவியனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்றவனுக்கும் விதவைக்கும். தொகையை மனதில் நியமித்து, சம்பளம் வந்த அன்றே தனிக் கவரில் எடுத்து வையுங்கள். மாதக் கடைசிக்கு விட்டால் மிஞ்சாது. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள்.

கேள்வி: தாலியையும் கழற்றணுமா ஐயா?

பதில்: அதை உங்கள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள் சகோதரி. மேடையிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை.