நெஞ்சு வலி மருதம்பட்டைக்குக் கேட்குமா?

மருதம்பட்டை, பூண்டு, ஓமம் இவற்றால் நெஞ்சு வலி போகுமா, அறிவியல் ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஓமம். அது வயிற்றுக்கு நல்லது, சரி. ஆனால் வலி வயிற்றிலிருந்துதான் வருகிறது என்று யார் சொன்னது? அல்சூரில் எங்கள் தெருவில் சர்க்கரை நோய் உள்ள ஒரு பெரியம்மா, ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாய்வுதான்டா, ஓமத் தண்ணி குடு" என்றார். குடித்தார், ஏப்பமும் வந்தது. "பார், குறைஞ்சிடுச்சு" என்று காலை நீட்டிப் படுத்தவருக்கு நெற்றி வேர்வை மட்டும் நிற்கவே இல்லை. மகன் சந்தேகப்பட்டு அழைத்துப் போனார். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு. இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்பு இப்படித்தான் அஜீரணம் போல நடிக்கும். ஏப்பம் வந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மருதம்பட்டை விஷயம் வேறு. அதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 2002-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், நடந்தால் வலி, நின்றால் தணிவு என்ற வகை நாள்பட்ட ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சு வலி) உள்ள 58 ஆண்களுக்கு 500 மில்லிகிராம் பட்டைச் சாறு எட்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தார்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட வலி குறைந்தது, டிரெட்மில்லில் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் பட்டைச் சாறு கொடுத்தது ஒரு வாரம்தான், பெண்கள் ஒருவர்கூட இல்லை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் பட்டையில் எவ்வளவு சத்து இருக்கும் என்பதற்கும் கணக்கில்லை. திடீர் மாரடைப்பில் அடைப்பை அது கரைக்கும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை.

ஆஸ்பிரினின் பூர்வீகமும் வில்லோ மரப்பட்டைதான். 1988-இல் 17,187 நோயாளிகளிடம் சோதித்து, மாரடைப்பில் சாவு குறைகிறது என்று நிரூபித்தார்கள். மருதத்துக்கு அந்த அளவு சோதனை இன்னும் நடக்கவில்லை.

பூண்டு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், வலியை அல்ல. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு மாத்திரையும் சேர்த்துப் போட்டால் ரத்தக் கசிவு கூடலாம். அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்தம் ஏறுவது, பொட்டாசியம் இறங்குவது இரண்டுமே இதய நோயாளிக்கு ஆகாது.

வலியோடு வேர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுதல் இருந்தால் கஷாயம் போடாமல் 108-ஐ அழையுங்கள். மருதம்பட்டை சாப்பிட விருப்பமென்றால், பரிசோதனை முடிந்த பிறகு டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். அவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.