வீடு மலை மேல, ஷோரூம் கோயம்புத்தூர்ல

கேள்வி: அண்ணே வணக்கம். நாங்க நீலகிரியில மஞ்சூர் பக்கம், ரெண்டு ஏக்கர் தேயிலை இருக்கு. வீட்டுல அம்மா, மனைவி, ரெண்டு புள்ளைங்க. அம்மாவ மாசம் ரெண்டு தடவ குன்னூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், பஸ்ஸுல அவங்களால முடியல. இதுதான் எங்க மொத காரு, பத்து லட்சம் வரைக்கும் போடலாம்னு இருக்கேன். ஆனா எனக்கு புடிச்ச வண்டிக்கு நம்ம மாவட்டத்துல டீலரும் இல்ல சர்வீஸும் இல்ல, எல்லாத்துக்கும் கோயம்புத்தூர்தான். வாங்கலாமா?

பதில்: தம்பி, அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும்னு எழுதிருக்கீங்க இல்ல, அப்ப அந்த வண்டி எந்நேரமும் வாசல்ல ரெடியா நிக்கணும். கோயம்புத்தூர்ல போய் வாங்குறது தப்பே இல்ல, ஆனா சர்வீஸும் அங்க மட்டும்தான்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

இத ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா நான் பட்டிருக்கேன். 2014ல இதே மாதிரி ஆசப்பட்டு ஒரு வண்டி எடுத்தேன், கம்பெனி பேரு வேண்டாம், ஓட்ட நல்ல வண்டிதான். மூணாவது வருஷம் ஐப்பசி மழையில மேட்டுப்பாளையம் குன்னூர் மலை ரோட்டுல பர்லியார் தாண்டி ஏறிட்டு இருக்கும்போது கிளட்ச் போயிருச்சு, கீழருந்து வண்டிய தூக்கிட்டு போக ஆளு வர்றதுக்கே நாலு மணி நேரம், அப்புறம் பார்ட்ஸ் வரல வரலன்னு 19 நாள் அவங்க ஷெட்டுலயே கெடந்துச்சு. அந்த நாள்ல எங்கப்பாவ டாக்ஸி வச்சுதான் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். வாங்குன கடன் ஒரு பக்கம் டாக்ஸி காசு ஒரு பக்கம்னு அப்ப மனசு கெடந்த கெடப்பு இன்னும் மறக்கல.

அதனால ஷோரூமுக்கு போறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டருக்கு போங்க. ஊட்டி, குன்னூர் பக்கம் எந்தெந்த கம்பெனிக்கு ஒர்க்‌ஷாப் இருக்குன்னு நேர்ல போய் பாருங்க, அங்க வண்டி விட்டுட்டு உக்காந்திருக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க, கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் கையிருப்புல வச்சிருக்கீங்களான்னு கேளுங்க, மலையில மொதல்ல தேயுறது அது ரெண்டுதான். அந்த கம்பெனிங்களுக்குள்ள ஒன்ன செலக்ட் பண்ணிட்டு வாங்குறத எங்க வேணா வாங்கிக்கோங்க. கோயம்புத்தூர்ல எடுத்தாலும் வாரன்டியும் ஃப்ரீ சர்வீஸும் அதே கம்பெனியோட ஊட்டி சென்டர்ல செல்லும். ரெண்டு எடத்துலயும் கொட்டேஷன் வாங்கி ஒன்ன காட்டி இன்னொன்னுல கொறைக்க சொல்லி கேளுங்க, நம்ம ஊரு டீலர் கொஞ்சம் கொறச்சாகூட எனக்கு அங்கயே எடுக்குறதுதான் சரின்னு படும், நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா அவரு மூஞ்சியத்தான் பாக்கப்போறோம்.

அடுத்தது டெஸ்ட் டிரைவ். கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல, அந்த சமதளத்துல, எந்த வண்டியும் பறக்கும், அத வச்சு முடிவு பண்ணாதீங்க. உயரம் ஏற ஏற காத்து லேசாகும், டர்போ, அதாவது காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற கருவி, இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு கிட்டத்தட்ட பத்து சதவீதம் பவர இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர், அப்படின்னா அஞ்சுல ஒரு பங்குக்கு மேலயே போயிரும். அஞ்சு பேரு உக்காந்து ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போதுதான் அது தெரியும். டர்போ இருந்தா இந்த இழப்பு நல்லாவே கொறையும். டீசல் பாக்குறதா இருந்தா ஒரு விஷயம், இப்ப வர்ற பிஎஸ் 6 டீசல்ல புகைக்கரிய புடிச்சு வைக்குற ஃபில்டர் இருக்கு, அது தானா எரிச்சு சுத்தமாக வண்டி கொஞ்ச நேரம் நல்ல வேகத்துல ஓடணும், நம்ம வளைவுல இருபது முப்பதுலயே ஓட்டிட்டிருந்தா அடைச்சுக்கும். கியர் தானா மாறுற ஏஎம்டி எடுத்தா ஹில் ஹோல்டு கட்டாயம் இருக்கணும், இல்லன்னா ஏத்தத்துல பின்னாடி உருளும். சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் இதுக்கெல்லாம் காசு போடாதீங்க, பின் கண்ணாடிக்கு வைப்பரும், படியுற ஆவிய போக்குற டீஃபாகரும் இருக்குற வேரியன்ட்டா பாருங்க, ஆடி மாசம் குந்தா பக்கம் மூடுற மஞ்சுல அதுதான் கண்ணு.

பத்து லட்சம்னு சொன்னீங்க, அந்த கோட்ட தாண்டாதீங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து அஞ்சு லட்சத்துக்கு மேல பத்து வரைக்கும் ஆயுள் வரி 13 சதவீதம், பத்த தாண்டுனா 18. 9.90 லட்சம் வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.20 லட்சம் வண்டிக்கு 1.84 லட்சம். வெல கூடுனது முப்பதாயிரம், வரி மட்டும் அம்பத்தஞ்சாயிரம் கூடும்! இன்சூரன்ஸ் டீலர்கிட்டதான் எடுக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, வெளிய வெல கேட்டுட்டு வந்து பேசுங்க.

கோயம்புத்தூர்ல எடுத்தீங்கன்னா புக்கிங் அன்னைக்கே மஞ்சூர் அட்ரஸ் ப்ரூஃப குடுத்து நம்ம நீலகிரி டிஎன் 43 நம்பர்தான் வேணும்னு எழுதி வாங்கிடுங்க. இங்கயே முடிச்சிரலாம் சார், சீக்கிரம் ஆகும்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. 2024 மே மாசம் வெளியூர் வண்டிங்க நீலகிரிக்குள்ள வர இ-பாஸ் வேணும்னு வந்ததுலருந்து டிஎன் 43 வண்டிக்கு பாஸ் தேவையில்ல, வேற நம்பரா இருந்தா நம்ம சொந்த ஊருக்கு வரவே செக்போஸ்ட்ல வெளக்கம் சொல்லிட்டு நிக்கணும்.

முழுப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி வண்டிய பகல் வெளிச்சத்துல பாருங்க. டயர்ல ஓரமா நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு எத்தனாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம். அஞ்சும் கிட்டத்தட்ட ஒரே காலத்துதான்னா சரி. ஸ்டெப்னி, ஜாக்கி, ரெண்டு சாவி, ஓடுன கிலோமீட்டர் எல்லாம் பாத்துக்கோங்க. திரும்ப ஒரு தடவ வர நமக்கு ஒரு நாள் கூலியும் டீசலும் ஆகும், அதனால கூச்சப்படாம நின்னு நிதானமா பாருங்க.

டெலிவரி காலையிலயே வாங்கிட்டு குன்னூர் வழியா ஏறுங்க. காரமடை முள்ளி ரோடு உங்களுக்கு கிட்டதான், ஆனா 43 கொண்டை ஊசி வளைவு, கெத்தை பக்கம் யானை, கை பழகாத புது வண்டியோட அது வேண்டாம். புது பிரேக் பேடு செட் ஆக கொஞ்ச நாளாகும், அதனால எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே விடுங்க, ஏறுன கியர்லயே எறங்கணும்னு நம்ம ஊரு டிரைவருங்க சொல்றது புது வண்டிக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் டெஸ்ட் டிரைவுக்கு அம்மாவையும் கூட்டிட்டு போங்க தம்பி. அவங்களே கதவ தொறந்து ஏறி உக்காந்து, யாரு கையும் புடிக்காம எறங்க முடியுதான்னு பாருங்க. சீட்டு ரொம்ப தாழ்வா இருந்தாலும் முட்டி வலிக்கும், ரொம்ப உசரமா இருந்தாலும் ஏற முடியாது. உங்களுக்கு புடிச்ச வண்டியில அவங்களுக்கு ஏற முடியலன்னா அத விட்டுட்டு அடுத்தத பாருங்க.