டர்பனில் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடும் முன்

தங்கச்சி, திருச்சியில் பதிவான கல்யாணம், மூன்று வருடமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாசம், நாலு வயதுப் பிள்ளை. கணவர் வக்கீலிடம் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு, சீக்கிரம் முடிந்துவிடும்" என்கிறார். போடலாமா, ஊரில் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் போடாதீர்கள்.

இங்கே 1979ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி யார் மேல் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை. இந்தக் கல்யாணம் இனி ஒட்டாது என்று நீதிமன்றம் நம்பினால் போதும். நம் ஊர் இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு காரணம் கிடையாது. ஒருவர் மட்டும் வெளிநாட்டில் போய் இந்த மாதிரிக் காரணத்தில் வாங்கிவரும் தீர்ப்பு, மற்றவர் சம்மதிக்காவிட்டால் ஊரில் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. ஆக, உங்கள் கையெழுத்து அவருக்கு இங்கே மட்டுமல்ல, ஊரிலும் வேண்டும். அதைக் கெடு வைத்து வாங்க விடாதீர்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னக் கையெழுத்து கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தை நீதிபதி அப்படியே தீர்ப்போடு சேர்த்துவிடலாம். முதலில் ஜீவனாம்சப் பத்தியைத் தேடுங்கள். மனைவிக்கான ஜீவனாம்சம் தீர்ப்போடு வராவிட்டால் பிறகு கேட்கவே முடியாது. எத்தனையோ பெண்கள் ஏமாந்துபோகும் இடம் இதுதான். பிள்ளையின் செலவு வேறு. அதைப் பிறகும் பராமரிப்பு நீதிமன்றத்தில் கேட்கலாம்.

"எல்லாவற்றிலும் உனக்குப் பாதி" என்று இங்கே நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதி அக்காமார் சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எழுதாமல் இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்த உள்ளூர்க்காரர்களுக்கு அது சரி. கல்யாணத்தின்போது கணவருக்கு எந்த நாடு நிரந்தர இருப்பிடமோ, அந்த நாட்டுச் சட்டம்தான் உங்கள் சொத்துக்கு. அப்போது அவருக்கு அது இந்தியா என்றால், இந்தியச் சட்டம்தான். நகை, சீர், இங்கே சேர்த்த பணம் எல்லாவற்றையும் பெயர் போட்டு எழுத வையுங்கள்.

நீங்கள் போடாவிட்டால் அவர் வழக்குத் தொடர வேண்டும். சம்மனை ஷெரீஃப் என்ற நீதிமன்ற அதிகாரி உங்கள் கையிலேயே கொடுப்பார். எதிர்க்கிறேன் என்று சொல்ல 10 நீதிமன்ற வேலை நாட்கள்தான். நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் அவர் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். வழக்கு நடக்கும்போதே இடைக்காலச் செலவுக்குப் பணமும் நீங்கள் கேட்கலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் பார்த்து இலவசமாக வக்கீல் தருவார்கள். அவருடைய வக்கீலை நம் வக்கீல் என்று நினைக்காதீர்கள்.

பிள்ளை இருப்பதால் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் ஃபேமிலி அட்வகேட் என்ற அரசு அலுவலகமும் பிள்ளைக்கான ஏற்பாட்டைப் பார்க்கும். கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள். அப்பாவும் காப்பாளர் என்பதால் அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் நாட்டை விட்டுக் கூட்டிப்போக முடியாது. பிள்ளையை இனி எப்போது ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடி, மிரட்டல் ஏதாவது இருந்தால் விவாகரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உங்கள் விசா அவர் விசாவோடு ஒட்டியது என்றால், தீர்ப்பு வரும் முன்பே குடிவரவு வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.